கல்லமேட்டின் ஒற்றைப் பல்: தென்னிந்தியாவின் சிறிய ஊனுண்ணி டைனோசரும் சான்றின் எடையும்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் ஓரிடத்தில், கீழே கிரானைட் வகைப் பாறையும் மேலே குவார்ட்சைட் அடுக்குகளும் ஒரு கோட்டில் சந்திக்கின்றன. எபார்க்கியன் இடைமுறிவு எனப்படும் இந்த இடம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களுள் ஒன்று. கோட்டின் இருபுறமும் உள்ள பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. விலங்கினம் தோன்றுவதற்கு முன்பே உருவானவை. ஆகவே சித்தூர், திருப்பதி வட்டாரத்து மலைகளில் டைனோசர் எலும்பு கிடைக்காததற்குத் தேடுவோரின் குறைவு காரணமன்று; பாறையின் வயதே காரணம்.

மலைகளை விட்டுக் கிழக்கே இறங்கினால் நிலை மாறுகிறது. முன்பு சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கும் சத்தியவேட்டில், கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த படிவுகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் இவற்றையும் அண்டையிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளையும் பிரித்து விவரித்தார். அக்காலம் டைனோசர்களின் காலமே. ஆயினும் சத்தியவேட்டின் பெரும்பகுதி, வெள்ளத்தில் உருண்டுவந்த கூழாங்கற்கள் இறுகிய பாறை. மெல்லிய எலும்பு அத்தகைய ஓட்டத்தில் நொறுங்கிவிடும். ஸ்ரீபெரும்புதூரின் நுண்ணிய படிவுகள் அளித்தவை பெரும்பாலும் இலைப் பதிவுகளும் கடலுயிரிகளின் ஓடுகளும்தான். எனவே தென்கிழக்குக் கரையோரத்தில் டைனோசர்களைத் தேடுபவர் இன்னும் தெற்கே, காவிரிப் படுகையின் அரியலூருக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

அரியலூரின் பாறைகளை எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அப்பகுதியின் டைனோசர் எலும்புகளை சி. ஏ. மேட்லி 1929இல் ஆராய்ந்து வெளியிட்டார். இத்தொடரின் மிகப் பெரிய உரிமைகோரலும் மிகச் சிறிய சான்றும் கல்லமேடு என்னும் ஒரே ஊரின் பெயரைத் தாங்கிய படிவிலிருந்து வந்தவை.

பெரியது பிருகத்காயோசாரஸ். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் 1980களின் இறுதியில் இதற்குப் பெயரிட்டனர். சிற்றினப் பெயர் மேட்லியின் நினைவாக அமைந்தது. முதலில் மாபெரும் ஊனுண்ணியாகக் கருதப்பட்ட இது, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணிகளின் வரிசைக்கு மாற்றப்பட்டது. கால் எலும்பு ஒன்று மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் என்றது அறிக்கை. ஆனால் எலும்புகள் காப்பகத்தில் இல்லை. தளர்ந்த மணலும் களிமண்ணுமான படிவில் கிடந்த அவை பொடிந்து அழிந்தன. எஞ்சியவை எழுத்தும் வரைபடங்களும், 2022இல் வெளியான கட்டுரையில் இடம்பெற்ற சில பழைய ஒளிப்படங்களும்.

சிறியது ஒரு பல். அஞ்சலி கோஸ்வாமி, ஜி. வி. ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃபிளின், ரோஜர் பென்சன் ஆகியோர் 2013இல் இதனை அறிவித்தனர். கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதிக்கட்டத்தைச் சேர்ந்த இப்பல்லை அவர்கள் ட்ரூடான்டிட் குடும்பத்துக்கு உரியதாகக் கண்டனர். பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவுடைய சிற்றுருவ டைனோசர் குடும்பம் அது. கல்லமேட்டில் இறகு எதுவும் கிடைக்கவில்லை. சீனாவில் கிடைத்த உறவினங்களின் உடலில், குறிப்பாக 2017இல் விவரிக்கப்பட்ட ஜியானியன்ஹுவாலாங்கில், இறகுகள் தெளிவாகப் பதிந்துள்ளதால் இதற்கும் இறகு இருந்திருக்கும் என்பது உறவுமுறை வழி வந்த ஊகம்.

ஒரு பல்லை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்ற ஐயம் நியாயமானது. இக்குடும்பத்தின் வரலாறே ஒரு பல்லில்தான் தொடங்கியது. வட அமெரிக்காவில் கிடைத்த தனிப் பல்லுக்கு ஜோசப் லைடி 1856இல் ட்ரூடான் எனப் பெயரிட்டபோது, அதைப் பல்லியின் பல் என்றே எண்ணினார். அடையாளம் தவறினும் பொருள் காப்பகத்தில் இருந்ததால் பிற்காலத்தவர் அதைத் திருத்த முடிந்தது. உடலளவோடு ஒப்பிடப் பெரியவையாகவும் கொக்கிபோல் வளைந்தும் உள்ள விளிம்புப் பற்கள் இக்குடும்பத்தின் தனிக்குறி எனப் பின்னர் தெளிவாயிற்று.

கல்லமேட்டுப் பல்லின் முக்கியத்துவம் அது கிடைத்த இடத்தில் இருக்கிறது. ட்ரூடான்டிட்களின் எச்சங்கள் அதுவரை வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய வடநிலங்களிலேயே அறியப்பட்டிருந்தன. கோண்டுவானா நிலத்திலிருந்து வந்த முதல் பதிவு இதுவே. இக்குடும்பத்தின் பரவல் எல்லையை இது ஏறத்தாழ 10,000 கி.மீ. விரித்தது. ராஜாசாரஸ் போன்ற இந்திய ஊனுண்ணிகள் தென்னிலங்களுக்குரிய அபெலிசாரிட் வரிசையைச் சேர்ந்தவை. கல்லமேட்டின் பிற விலங்குகளும் பெரும்பாலும் தென்னிலச் சாயலுடையவை. அவற்றிடையே இப்பல் தனித்து நிற்கிறது.

விளக்கங்கள் இரண்டு. மடகாஸ்கரிலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்த இந்தியாவுக்கு இவ்வினம் கிரெட்டேசியஸ் இறுதியில் வடநிலத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம். அல்லது கண்டங்கள் பிரியுமுன்பே தென்னிலங்களிலும் பரவியிருந்து, அதன் எச்சங்கள் பிற இடங்களில் இன்னும் கண்டெடுக்கப்படாமல் இருக்கலாம். முதல் விளக்கம், இந்தியா கடலால் முற்றிலும் துண்டிக்கப்பட்ட தீவு என்ற படிமத்தைத் தளர்த்துகிறது. இரண்டாவது, தென்னிலங்களின் தேடலில் உள்ள இடைவெளியைச் சுட்டுகிறது. ஒத்த உணவுமுறை வேறு வேறு வரிசைகளில் ஒத்த பல்லைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதால், இரண்டில் எதையும் ஒரே பல்லைக்கொண்டு தீர்ப்பிட இயலாது.

ஆனால் ஐயத்தைச் சோதிக்கப் பல் இருக்கிறது. புதிய உறவினம் கிடைக்கும்போது அதனருகே வைத்து ஒப்பிடலாம். நுண்ணோக்கியின்கீழ் மீண்டும் பார்க்கலாம். பிருகத்காயோசாரஸைப் பற்றிய விவாதம் எத்தனை கூர்மையானாலும் படங்களைத் தாண்டிச் செல்ல முடியாது. தென்னிந்தியத் தொல்லுயிரியலுக்கு இதிலுள்ள பாடம் நடைமுறை சார்ந்தது: களிமண்ணைச் சலித்து நுண் எச்சங்களைத் தேடும் பொறுமையும், தளர்ந்த எலும்பைக் களத்திலேயே இறுக்கிக் காக்கும் ஏற்பாடும், எடுத்ததை எவரும் மறுபடி பார்க்கும்படி வைக்கும் காப்பகமும் வேண்டும். அரியலூரின் மண்ணில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், இவை தள்ளிப்போடத்தக்க பணிகள் அல்ல.