முதல் விலா எலும்பும் இரண்டாவது அறுவை சிகிச்சையும்

கேட்டுக்கிட்டே ஒரு சின்ன வேலை செய்யுங்க. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஓடுகிற காறை எலும்பு மேல ஒரு விரலை வையுங்க. அதற்குப் பின்னால், கொஞ்சம் கீழே, உங்களுடைய முதல் விலா எலும்பு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ரொம்பக் குறுகலான ஒரு வழி. கைக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி, அதைத் திருப்பிக் கொண்டுவருகிற சிரை, கழுத்திலிருந்து இறங்குகிற நரம்புக் கட்டு, மூன்றும் அந்தப் பக்கமாகத்தான் போயாக வேண்டும். கழுத்தின் பக்கவாட்டில் இருக்கிற ஸ்கேலீன் தசைகளில் முன்பக்கத்ததும் நடுவில் உள்ளதும் கீழே வந்து அந்த முதல் விலாவில்தான் ஒட்டிக்கொள்கின்றன.

இந்த இடத்தில் நெரிசல் வந்தால் கை மரத்துப்போகும், வலிக்கும், பலம் குறையும். இதற்குப் பெயர் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம், சுருக்கமாக டி.ஓ.எஸ். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் நெரிபடுவது நரம்பு. சிலருக்குச் சிரை. மிகச் சிலருக்குத் தமனி.

எனக்கு வலது கை. நரம்பு வகை. முதல் அறுவை சிகிச்சையில் முதல் விலா எலும்பை எடுத்தாங்க. ஒன்றரை வருஷம் கழித்து வலி திரும்பி வந்தது. இரண்டாவது முடிந்து இப்போ 7 மாசம் ஆகுது. வீட்டுக்கு வருகிற எல்லோர் மனசிலும் இருக்கிற கேள்வியை என் பெரியம்மா நேராகவே கேட்டுட்டாங்க: "எலும்பையே எடுத்துட்டாங்களேடி, மறுபடி உள்ளே போய் எதை எடுத்தாங்க?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல 200 வருஷம் பின்னால் போகணும்.

குற்றவாளி நம்பர் 1: கூடுதல் எலும்பு

நூறில் ஒருத்தருக்கும் குறைவான ஆட்களுக்கு, கழுத்தின் கடைசி முள்ளெலும்பிலிருந்து ஒரு கூடுதல் விலா முளைத்திருக்கும். இதைக் கழுத்து விலா என்று சொல்லலாம். கிரேக்க மருத்துவர் காலன் காலத்திலிருந்தே உடற்கூறு பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் அதனால் கைக்குப் பிரச்சினை வரும் என்று 1821-ல் எழுதியவர் லண்டன் சர்ஜன் ஆஸ்ட்லி கூப்பர்.

அதற்கு 40 வருஷம் கழித்து, 1861-ல், லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஹோம்ஸ் கூட் என்கிற சர்ஜன் ஓர் இளம்பெண்ணின் கழுத்திலிருந்து அந்த எலும்பை வெட்டி எடுத்தார். இது எவ்வளவு துணிச்சலான வேலை என்று யோசிச்சுப் பாருங்க. கிருமிநாசினி வைத்து அறுவை சிகிச்சை செய்யலாம் என்று ஜோசஃப் லிஸ்டர் எழுதியதே 1867-ல்தான். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். கூட் விரலால் தடவிப் பார்த்ததை நம்பித்தான் கத்தியை எடுத்தார்.

எக்ஸ்ரே வந்ததும் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைப்போம். குழப்பம்தான் கூடியது. கழுத்து விலா இருக்கிற பல பேருக்கு ஒரு வலியும் இல்லை. கை செயலிழந்து வந்த பல பேருக்குக் கழுத்து விலாவே இல்லை. 1910-ல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மர்ஃபி, கூடுதல் எலும்பு இல்லாத ஒரு நோயாளிக்கு, எல்லோருக்கும் இருக்கிற சாதாரண முதல் விலாவையே எடுத்துப் பார்த்தார். அந்த யோசனையைப் பெரிதாக யாரும் பின்தொடரவில்லை.

குற்றவாளி நம்பர் 2: தசை

1927-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆல்ஃபிரட் ஆட்சன், ஜே காஃபி என்கிற இரண்டு பேர், எலும்பைத் தொட வேண்டாம், முன்பக்க ஸ்கேலீன் தசையை வெட்டினால் போதும் என்றார்கள். சின்ன ஆபரேஷன், ஆபத்தும் கம்மி. 1935-ல் ஆக்ஸ்னர், கேஜ், டிபேக்கி மூன்று பேரும், கழுத்து விலா இல்லாதவர்களுக்கும் அந்தத் தசையே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அந்த டிபேக்கி பிற்பாடு இதய அறுவை சிகிச்சையில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் டிபேக்கியேதான்.

கை வலி என்று வந்த நிறைய பேருக்கு இந்தத் தசையை வெட்டினார்கள். நிறைய பேருக்கு வலி திரும்பி வந்தது. இரண்டு காரணம். ஒன்று, வெட்டிய தசை மறுபடி போய் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, அதில் பல பேருக்கு இருந்தது வேறு நோய். கழுத்து டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதும், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிற கார்ப்பல் டனலும் 1940, 50-களில்தான் டாக்டர்களுக்குப் பரவலாகத் தெரிய வந்தன. அதுவரைக்கும் எல்லாப் பழியும் கழுத்துத் தசை மேலதான்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு தகவல். தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்கிற பெயரை 1956-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது, மேயோ கிளினிக்கிலிருந்து பீட் என்பவரும் சக மருத்துவர்களும் எழுதிய கட்டுரை. அந்தக் கட்டுரை பேசியது எந்த ஆபரேஷனைப் பற்றியும் இல்லீங்க, உடற்பயிற்சியைப் பற்றி. தோளைத் தூக்கிப் பிடிக்கிற தசைகளைப் பலப்படுத்தினால் எவ்வளவு பேர் தேறுகிறார்கள் என்று பார்த்தார்கள். நோய்க்குப் பெயர் வைத்ததே பிசியோதெரபி பக்கம்தான்!

குற்றவாளி நம்பர் 3: முதல் விலா

ஆனால் கத்தி சும்மா இருக்குமா? 1962-ல் அதே மேயோ கிளினிக்கின் கிளாகெட், எந்த வகை நெரிசலாக இருந்தாலும் அதில் முதல் விலாவுக்குப் பங்கு இருக்கு, அதையே எடுத்துடலாம் என்றார். அவர் போன வழி முதுகுப் பக்கம். காசநோய்க்கு விலா எலும்புகளை வெட்டி எடுக்கிற பழைய ஆபரேஷனின் வழி அது. தசைகளைப் பெரிதாக வெட்ட வேண்டியிருக்கும். 1966-ல் டென்வர் நகரத்து டேவிட் ரூஸ், அக்குள் வழியாக எடுக்கிற முறையை வெளியிட்டார். தழும்பு வெளியே தெரியாது, பெரிய தசை எதையும் வெட்ட வேண்டாம். அந்த முறை வேகமாகப் பரவியது. என் முதல் ஆபரேஷனும் இந்த வழிதான்.

அதே டென்வரில் ரிச்சர்ட் சாண்டர்ஸ், டல்லாஸில் ஹெரால்ட் அர்ஷெல் போன்ற சர்ஜன்கள், வலி திரும்பி வந்தவர்களை மறுபடி திறந்து பார்த்தார்கள். சிலருக்கு விலாவின் பின்பக்கத் துண்டு நீளமாக மிச்சம் இருந்தது. சிலருக்கு வெட்டிய தசை எலும்பு இருந்த இடத்திலேயே போய் ஒட்டியிருந்தது. பல பேருக்கு நரம்புக் கட்டைச் சுற்றிக் கெட்டியான தழும்புத் திசு. முதல் ஆபரேஷன் ஆறின புண்தான் அது.

பெரியம்மா கேள்விக்குப் பதில் இதுதான். இரண்டாவது தடவை என் கழுத்தில் எடுத்தது, முதல் தடவை வைத்தியம் பார்த்ததன் தழும்பை. நரம்பை ஒவ்வொரு இழையாகத் தழும்பிலிருந்து பிரிக்கணும். அதனால்தான் இரண்டாவது தடவை பெரும்பாலும் வேறு வழியில் போவார்கள். முதலில் அக்குள் என்றால், பிறகு காறை எலும்புக்கு மேலே, இல்லையென்றால் முதுகு வழியாக. கை படாத இடத்திலிருந்து ஆரம்பித்தால் எது நரம்பு, எது தழும்பு என்று கொஞ்சமாவது அடையாளம் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், இரண்டாவது ஆபரேஷனும் தழும்பு போடும். மூன்றாவது தடவை உள்ளே போக மாட்டேன் என்று என் சர்ஜன் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

யார் சொல்வதை நம்புவது?

கத்தியை எடுக்கலாமா வேண்டாமா என்று மருத்துவர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். 1988-ல் கிளீவ்லாந்தின் நரம்பியல் மருத்துவர் ஏசா வில்போர்ன், இந்த ஆபரேஷனால் கை நரம்புகள் கடுமையாகச் சேதமானவர்களைப் பற்றி எழுதினார். 1990-ல் ஒரே நரம்பியல் இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இந்த நோய் அளவுக்கு மீறிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்று வில்போர்ன். குறைத்து மதிப்பிடப்படுகிறது என்று ரூஸ்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. நரம்பு வகைக்கு "இதுதான்" என்று அடித்துச் சொல்கிற ஒற்றைப் பரிசோதனை இன்றைக்கும் கிடையாது. என்னோட நரம்புப் பரிசோதனை ரிப்போர்ட்டும் நார்மல் என்றுதான் வந்தது. அப்போ மிச்சம் இருக்கிற சாட்சி நோயாளியின் வாய்ச்சொல் மட்டும்தான்.

அந்தச் சொல்லை நம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜே.ஆர். ரிச்சர்ட் கதை ஒன்று போதும். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணியின் பிட்சர். 6 அடி 8 அங்குல உயரம். நம்ம கிரிக்கெட் கணக்கில் அதிவேகப் பந்துவீச்சாளர். 1979-ல் மட்டும் 313 ஸ்ட்ரைக் அவுட். 1980 சீசனில் கை செத்துப்போன மாதிரி இருக்கு என்று சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நேரம் நன்றாக வீசுவார், பிறகு முடியாது. நடிக்கிறார், சோம்பேறி என்றெல்லாம் பத்திரிகைகளில் பேச்சு வந்தது. அவர் கறுப்பினத்தவர் என்பதும் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்தது என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். பரிசோதனையில் தமனியில் அடைப்பு தெரிந்தும், உடனே ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானது. 1980 ஜூலை 30, லேசாகப் பந்து வீசிப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து சரிந்து விழுந்தார். வயது 30. தமனி வகை டி.ஓ.எஸ். என்பது அதன்பிறகுதான் தெரிய வந்தது.

மறுபடி விளையாட முயற்சி செய்தார். மேஜர் லீக்கில் இன்னொரு பந்து வீச முடியவில்லை. 1990-களில் ஹூஸ்டனில் ஒரு பாலத்துக்கு அடியில் தங்கியிருந்தார். அதிலிருந்தும் எழுந்து வந்து, 2021-ல் காலமானார்.

7 மாசம்

குணமாவது எப்படி இருக்கு என்று நிறைய பேர் மெசேஜ் பண்றீங்க. நரம்பின் கணக்கு ஒன்று சொல்றேன். சேதமான நரம்பு இழை மறுபடி வளருகிற வேகம், ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கழுத்திலிருந்து விரல் நுனி வரை 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் 700 நாள். கிட்டத்தட்ட 2 வருஷம். எல்லோருக்கும் அவ்வளவு சேதம் இருக்காது. ஆனாலும் 7 மாசத்தில் "இன்னுமா சரியாகலை?" என்று யாராவது கேட்டால், நான் இப்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் சொல்றேன்.

என் பிசியோதெரபிஸ்ட் முதலில் சொல்லிக்கொடுத்தது மூச்சு விட. கேலியாகத்தான் இருந்தது. ஆனால் மேல் நெஞ்சால் மூச்சு இழுத்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் ஸ்கேலீன் தசைகள் இழுபடும். வயிற்றால் மூச்சு விட்டால் அதற்கு ஓய்வு. பிறகு நரம்பைத் தழும்பு பிடிக்காமல் இருக்க, கையை மெதுவாக நீட்டி மடக்குகிற பயிற்சி. ஒரு நாளைக்கு 5 தடவை, ஒவ்வொன்றும் 2 நிமிஷம். அதிகமாகச் செய்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது.

இப்போ வலது கையால் தலைவாரிக் கொண்டை போட முடியுது. 20 நிமிஷம் டைப் பண்ண முடியுது, 40 முடியாது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாது. சுண்டு விரல் இன்னும் மரத்தேதான் இருக்கு. வலி மறுபடி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 2 வருஷத்துக்குள் வரும் என்கிறார்கள். எனக்கு இன்னும் 17 மாசம் பாக்கி. நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கேன்.

கடைசியாக இரண்டு விஷயம். கை திடீரென்று வீங்கினாலோ, நீலமானாலோ, வெளுத்துச் சில்லென்று ஆனாலோ, கூகுள் பண்ணிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க. அது ரத்தக்குழாய் வகையாக இருக்கலாம். நரம்பு வகை என்றால் அவசரப்படாதீங்க. முதலில் சில மாசம் ஒழுங்கான பிசியோதெரபி, வேறு நோய் இருக்கா என்ற சோதனை, தேவைப்பட்டால் இன்னொரு மருத்துவரின் கருத்து. எந்த அசைவில், எத்தனை நிமிஷத்தில், எந்த விரல் மரத்துப்போகுது என்று எழுதி வைத்துக் கொண்டுபோங்க. ஸ்கேன் காட்டாததை அந்தக் காகிதம் காட்டும்.

இந்த எபிசோடை நாலு பகுதியாகப் பிரித்து, நடுவில் கைக்கு ஓய்வு கொடுத்து எழுதினேன்.