உழைப்பு, சோம்பல், ஈகை: கிறித்தவ நோக்கு

உழைக்க மனமில்லாதவருக்குச் சோறு போடலாமா என்ற கேள்வி கிறித்தவத்தின் தொடக்க காலத்திலேயே எழுந்துவிட்டது. புதிய ஏற்பாட்டில் தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் கடிதம் இதற்குக் கண்டிப்பான விடை தருகிறது: வேலை செய்ய விரும்பாதவருக்கு உணவில் பங்கில்லை. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரமோ பசித்தவருக்கு உணவளித்ததையும் அளிக்காததையும் வைத்தே இறுதித் தீர்ப்பு வழங்கப்படும் என்கிறது. அவர் ஏன் பசித்தார் என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. இவ்விரண்டில் எதை முன்னே வைப்பது என்பது பற்றித் திருச்சபைக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

விவிலிய அடிப்படை

ஆதியாகமத்தில் ஆதாம் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்படுவது அவன் பாவம் செய்வதற்கு முன்பே. நெற்றி வியர்வையும் முள்ளும் அதற்குப் பிறகு வருபவை. எனவே வேலை சாபமன்று, வேலையோடு ஒட்டிக்கொண்ட துன்பமே சாபம் என்பது கிறித்தவ இறையியலின் பொதுக் கருத்து. கைத்தொழிலை இழிவாகக் கண்ட கிரேக்க, ரோமானிய மேட்டுக்குடியினருக்கு நடுவே திருத்தூதர் பவுல் கூடாரத் தொழிலாளியாக இருந்தார். கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு சேர்ந்து அத்தொழிலைச் செய்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது.

பழைய ஏற்பாட்டின் அறுவடைச் சட்டம் தனியே கவனிக்கத்தக்கது. வயலின் ஓரங்களை ஒட்ட அறுக்கக் கூடாது, சிந்திய கதிரைத் திரும்பிப் போய்ப் பொறுக்கக் கூடாது, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்கிறது லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரம். மோவாபியப் பெண்ணான ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது இந்த உரிமையால்தான். ஏழை குனிந்து பொறுக்கியாக வேண்டும். ஆனால் பொறுக்க வருபவரின் யோக்கியதையை நிலக்காரர் சோதிக்க இடமில்லை. பிற்கால உதவித் திட்டங்கள் பலவற்றுக்கு இந்தச் சமநிலை கைகூடவில்லை.

தெசலோனிக்கா மக்கெதோனியாவின் துறைமுகத் தலைநகர். ஆண்டவரின் நாள் நெருங்கிவிட்டது என்ற எதிர்பார்ப்பில் சிலர் தொழிலைக் கைவிட்டதாக நெடுங்காலமாக விளக்கம் சொல்லப்பட்டு வருகிறது. கடிதமோ இவ்விரண்டையும் நேரடியாக முடிச்சுப் போடவில்லை. செல்வந்தரை அண்டிப் பிழைக்கும் ரோமானிய வழக்கமே இங்கு கண்டிக்கப்படுகிறது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. கடிதத்தைப் பவுலே எழுதினாரா என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இவை எப்படியிருந்தாலும், விதி வேலை செய்ய மறுப்பவரைப் பற்றியது; இயலாதவரையோ வேலை கிடைக்காதவரையோ பற்றியதன்று. அதோடு கடிதம் அங்கே நின்றுவிடவும் இல்லை. அடுத்த சில வரிகளிலேயே நன்மை செய்வதில் சோர்ந்துபோக வேண்டாம் என்று மற்றவர்களைக் கேட்டுக்கொள்கிறது. கீழ்ப்படியாதவரைக்கூடப் பகைவராக அன்றிச் சகோதரராக எண்ணிப் புத்தி சொல்லச் சொல்கிறது. முதல் வரியை எடுத்தாண்டவர்களில் பெரும்பாலோர் இந்த வரிகள்வரை வாசித்ததாகத் தெரியவில்லை.

எபேசியருக்கு எழுதிய கடிதம், முன்பு திருடியவர், இல்லாதவருக்குக் கொடுக்கும்படி கையில் ஏதேனும் இருப்பதற்காக இனி உழைக்க வேண்டும் என்கிறது. இங்கே உழைப்பின் நோக்கமே ஈகையாகிவிடுகிறது.

ஆதித் திருச்சபை

1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கையெழுத்துப் படியாகக் கண்டெடுக்கப்பட்ட தீதாக்கே என்ற தொன்மையான கையேட்டில் நடைமுறை ஏற்பாடு ஒன்று உள்ளது. வழிப்போக்கர் இரண்டு மூன்று நாள் தங்கலாம். அதற்கு மேல் குடியேற விரும்பினால் தம் தொழிலைச் செய்து பிழைக்க வேண்டும். தொழில் தெரியாதவருக்கு என்ன வழி என்று சபையே யோசிக்க வேண்டும். இதற்கு உடன்படாதவர் கிறிஸ்துவின் பெயரை விற்றுப் பிழைப்பவர் எனப்படுகிறார். வேலை தேடித் தரும் பொறுப்பும் சபையின் தலையில் ஏற்றப்பட்டிருப்பதை மறந்துவிடக் கூடாது. 1 தீமோத்தேயு கைம்பெண்களின் உதவிப் பட்டியலுக்கு 60 வயது என்ற வரம்பு வைத்து, உறவினர் இருந்தால் முதல் கடமை அவர்களுடையது என்கிறது.

நான்காம் நூற்றாண்டில் இவ்விவாதம் சூடுபிடித்தது. கப்பதோக்கியாவின் செசரியாவில் 369 வாக்கில் பஞ்சம் வந்தபோது களஞ்சியங்களைப் பூட்டி வைத்திருந்த வணிகர்களைத் திருச்சபைத் தந்தை பசிலியார் கடுமையாகச் சாடினார்; பின்னர் நகருக்கு வெளியே நோயாளருக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் பெரிய விடுதி எழுப்பினார்.

அந்தியோக்கியாவில் அருள்பொழிவு பெற்ற யோவான் கிறிசோஸ்தோம் இன்னும் ஒருபடி மேலே போனார். பிச்சை கேட்பவரிடம் பவுலின் விதியைச் சொல்லி விரட்டுவது அவருடைய சபையாரிடம் சாதாரணமாகிவிட்டிருந்தது. மத்தேயு நற்செய்தி மீதான 35ஆம் மறையுரையில் அவர் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்: நீ உழைத்தா சம்பாதித்தாய், தகப்பன் சொத்து வந்ததல்லவா? உழைத்தே சம்பாதித்திருந்தாலும் இன்னொருவனைப் பழிக்க அது உனக்கு உரிமை தருமா? நன்மை செய்வதில் சோராதே என்று பவுல் தொடர்ந்து சொன்னதைக் கேட்கவில்லையா? பிச்சைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்ற புகாருக்கும் அவரிடம் பதில் இருந்தது. பழஞ்செருப்புத் தோலை மென்றும் தலையில் ஆணி அடித்துக்கொண்டும் காசு கேட்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளியது கொடுப்பவரின் கல்மனமே என்று கொரிந்தியர் முதல் கடிதம் மீதான மறையுரையில் குறிப்பிடுகிறார். ஒரே கட்டளைக்கு இரண்டு முகவரிகள் உண்டு, உழை என்பது கேட்பவருக்கு, கொடு என்பது இருப்பவருக்கு, மற்றவரின் கடிதத்தைப் பிரித்துப் படிக்காதே என்பதே அவர் வாதத்தின் சாரம். இத்துறையில் இதைவிடத் தெளிவான விளக்கம் பின்னர் வந்ததாகச் சொல்வது கடினம்.

துறவியரின் சிக்கல் வேறு. ஆகாயத்துப் பறவைகள் விதைப்பதில்லை என்பதைக் காட்டி உடலுழைப்பை மறுத்த கார்த்தேஜ் துறவிகளுக்கு எதிராக, அந்நகர ஆயர் அவுரேலியு கேட்டுக்கொண்டதால், அகுஸ்தீனார் 400 வாக்கில் துறவியரின் உழைப்பு பற்றித் தனி நூலே எழுதினார். எகிப்தியப் பாலைவனத் துறவிகள் கயிறு திரித்தும் கூடை முடைந்தும் பிழைத்தவர்கள். அவர்களிடையே வாழ்ந்த எவாகிரியு (345–399) நண்பகலில் துறவியைத் தாக்கும் சலிப்பை எட்டுத் தீய எண்ணங்களில் ஒன்றாக விவரித்தார். நேரம் நகராதது போன்ற உணர்வு, அறையை விட்டு ஓடும் ஆசை, செய்யும் வேலையில் வெறுப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். ஏழு தலையாய பாவங்களில் ஒன்றாகப் பின்னாளில் எண்ணப்பட்ட சோம்பலின் வேர் இதுவே. அது முதலில் ஏழைகளின் குறையாக அல்ல, துறவிகளின் நோயாகவே அறியப்பட்டது. ஆறாம் நூற்றாண்டின் பெனடிக்ட் ஒழுங்குமுறை, செபத்தோடும் வாசிப்போடும் கையுழைப்புக்கும் நாள்தோறும் மணி ஒதுக்கியது.

தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை

13ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன், தொமினிக்கன் சபைகள் யாசித்து வாழ்வதையே புனிதமாக்கின. உடல் திடமுள்ள துறவி பிச்சை எடுக்கலாமா என்று பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கில்லோம் என்ற பேராசிரியர் எதிர்ப்புக் கிளப்ப, தாமஸ் அக்வினாஸ் 1256இல் மறுப்பு எழுதினார்.

கொள்ளைநோய் ஆட்களைக் கொன்று கூலியை உயர்த்தியதும் அரசு உள்ளே நுழைந்தது. 1349இன் ஆங்கிலேயத் தொழிலாளர் ஆணை, வேலை செய்யக்கூடிய பிச்சைக்காரருக்குத் தருமம் போடுவதையே குற்றமாக்கியது. அதில் அறநெறியைவிட நிலக்கிழாரின் ஆள்பற்றாக்குறையே அதிகம் பேசுகிறது.

சீர்திருத்தக் காலத்தில் மார்ட்டின் லூதர் 1520இல் பிச்சையை ஒழித்து ஒவ்வொரு நகரமும் தன் ஏழைகளைத் தானே பேண வேண்டும் என்றார். 1523இல் லைஸ்னிக் நகரில் பொது நிதிப்பெட்டி ஏற்பட்டது. கத்தோலிக்கரான ஹுவான் லூயிஸ் விவேஸ் 1526இல் புரூஜ் நகருக்காக ஏறக்குறைய இதே திட்டத்தை எழுதினார் என்பதால், இதைப் புரோட்டஸ்டண்ட் கண்டுபிடிப்பு என்று சொல்வதற்கில்லை. ஸ்பெயினின் தொமினிக்கன் துறவி தொமிங்கோ தெ சோத்தோ 1545இல் இதை எதிர்த்தார்: வேலையோ உதவியோ முழுமையாகத் தர இயலாத நகரம் பிச்சை கேட்கும் உரிமையைப் பறிப்பதும், வெளியூர் ஏழையை விரட்டுவதும் அநீதி என்றார்.

இங்கிலாந்தில் 1834இன் ஏழையர் சட்டம், உதவி விடுதியின் வாழ்வு வெளியே மிகக் குறைந்த கூலி பெறுபவரின் வாழ்வைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்ற கொள்கையில் நின்றது. ஆனால் 1753இலேயே லண்டனின் நிலவறைகளிலும் மேல்மாடப் பொந்துகளிலும் நோயுற்ற ஏழைகளைச் சந்தித்த ஜான் வெஸ்லி, அறைக்குள் தவழ முடிந்தவர்கூட ஏதோ வேலை செய்துகொண்டிருந்ததாகவும், சோம்பலால்தான் ஏழைகள் என்பது பொய் என்றும் தம் நாட்குறிப்பில் பதிந்திருந்தார். 1891இல் பதின்மூன்றாம் லியோவும் 1981இல் இரண்டாம் யோவான் பவுலும் வெளியிட்ட சுற்றுமடல்கள் பேச்சைச் சோம்பலிலிருந்து நியாயக் கூலிக்கும் தொழிலாளியின் மாண்புக்கும் திருப்பின.

பவுலின் விதி மதத்துக்கு வெளியேயும் பயணித்தது. 1936இன் சோவியத் அரசியல் சட்டம் அதை 12ஆம் பிரிவில் சேர்த்தது. 2013இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் வேளாண் குழுவில் உணவு உதவியைக் குறைக்கும் விவாதத்தில் ஓர் உறுப்பினர் அதை எடுத்தாண்டார். இன்னொருவர் மத்தேயு 25ஐ எடுத்துக் காட்டினார். நாத்திக அரசும் பழைமைவாத அரசியல்வாதியும் ஒரே வரியில் சந்தித்த இடம் வேறு அதிகம் இருக்காது.

தமிழகத்தில்

தென் தமிழகத்தில் மிஷன்கள் தருமத்தையும் தொழிலையும் பிணைத்தன. 1819இல் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்குச் சரிகை பின்னல் கற்பித்தார். அந்த வருமானத்தைக் கொண்டு அடிமை நிலையிலிருந்து விலை கொடுத்து மீண்டவர்களும் உண்டு. நாகர்கோவில் அன்று இருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு அந்தப் பின்னலைக் கொண்டுபோனார். 1876–78இன் பெரும் பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகளை ஏற்றுப் பேணிய நாசரேத் என்ற ஊரில் மிஷனரி ஆர்தர் மர்காஷிஸ் தொழிற்பள்ளி தொடங்கினார். தச்சும் தையலும் அங்கே சோற்றுக்கான நிபந்தனையாக வைக்கப்படவில்லை. சோறு போட்ட பிறகு கற்றுத்தரப்பட்டன.