திருவரங்கம் படையெடுப்பும் மீட்பும் (1311–1371)

பதினான்காம் நூற்றாண்டில் தில்லி சுல்தானியப் படைகள் திருவரங்கத்தைத் தாக்கியதும், பின்னர் மதுரை சுல்தான்களின் படை கண்ணனூரில் நிலைகொண்டதும், ஊரைவிட்டு எடுத்துச் செல்லப்பட்ட அழகிய மணவாளன் உற்சவத் திருமேனி 1371இல் கோயிலுக்குத் திரும்பியதும் ஒரே வரலாற்றின் பகுதிகள். திருச்சி மன்னார்புரத்திலிருந்து வடக்கே காவிரியைக் கடந்தால் திருவரங்கம். கொள்ளிடத்தையும் தாண்டிச் சென்னைச் சாலையில் சற்றுத் தூரம் போனால் சமயபுரம். பழைய கண்ணனூர் அதுதான். மன்னார்புரத்திலிருந்து தெற்கே போகும் சாலை மதுரைக்கு. இந்த வடக்கு தெற்கு வழியை வைத்திருந்தவர் கையில்தான் நாடு இருந்தது.

கண்ணனூர் முதலில் போசளர்களின் தெற்குத் தலைநகர். வீர சோமேசுவரன் அங்கே போசளேசுவரம் கோயிலைக் கட்டினான். அவனை வென்ற முதலாம் சடாவர்மன் சுந்தர பாண்டியன் திருவரங்கத்துக்குப் பொன்னை வாரி வழங்கி, விமானத்துக்குப் பொன் வேய்ந்து, ‘பொன் வேய்ந்த பெருமாள்’ என்று பெயர் பெற்றான். அந்தப் பொன்னின் புகழ் தில்லி வரை எட்டியது. 1310 வாக்கில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் மறைந்ததும் அவன் மக்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொண்டார்கள். வீட்டுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தபோது வாசலில் பகைவன் வந்து நின்றான்.

அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் 1311இல் போசளர்களின் துவாரசமுத்திரத்தைப் பணியவைத்துவிட்டுத் தெற்கே வந்தான். மழைவெள்ளத்தில் சிக்கிய அவனது படை கண்ணனூர் வட்டாரத்திலும் மதுரையிலும் கொள்ளையடித்துத் திரும்பியதைத் தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ எழுதியிருக்கிறார். கொண்டுபோன யானைகள் 512 என்பது அவர் கணக்கு. தில்லி வரலாற்றாசிரியர் பரணி 612 என்கிறார். நாட்டைப் பிடித்து ஆள அந்தப் படை வரவில்லை. அள்ளிக்கொண்டு போகவே வந்தது.

கோயிலின் சொந்தப் பதிவேடான கோயிலொழுகு இந்தக் காலத்தை வேறு விதமாகச் சொல்கிறது. தில்லிக்குப் போன திருமேனியைப் பின்தொடர்ந்து திருக்கரம்பனூர்ப் பெண் ஒருத்தி சென்றாள்; சுல்தான் மகள் அந்தத் திருமேனி மேல் காதல் கொண்டாள்; அதை மீட்டு வந்தபோது தேடி வந்த அவள் அரங்கனோடு கலந்தாள் என்பது அந்தக் கதை. தில்லியின் ஏடுகளில் இதற்குச் சான்று இல்லை. ஆனால் அர்ச்சுன மண்டபத்தில் அந்தச் சுல்தான் மகளுக்குத் துலுக்க நாச்சியார் என்ற பெயரில் இன்றும் சந்நிதி உண்டு. அங்கே சிலை கிடையாது, சுவரில் ஓவியமாகவே இருக்கிறாள். கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் அவளை முன்னிட்டுப் படைக்கப்படுகின்றன. திருமஞ்சனத்தின்போது பெருமாளுக்குக் கைலி சாற்றுகிறார்கள். கொள்ளையடிக்க வந்தவர்களின் குலத்துப் பெண்ணை நாச்சியாராக ஏற்ற ஊரின் மனப்பாங்கை எந்தப் போர்க்குறிப்பும் சொல்வதில்லை.

1323இல் வந்த அடி பெரிது. பின்னாளில் முகமது பின் துக்ளக் எனப் பெயர்பெற்ற உலூக் கான் அப்போது படை நடத்தினான். கோயிலொழுகின்படி, பெருமாள் கொள்ளிடக் கரைப் பன்றியாழ்வான் சந்நிதியில் திருவிழாவுக்கு எழுந்தருளியிருந்த நேரத்தில் படை நெருங்கும் செய்தி வந்தது. மூலவரை மறைத்துக் கற்சுவர் எழுப்பினார்கள். சீரங்க நாச்சியார் திருமேனியை வில்வ மரத்தடியில் புதைத்தார்கள். நூறு வயதைக் கடந்தவர் என்று மரபு சொல்லும் வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர், உற்சவரைப் பல்லக்கில் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு சிறு கூட்டத்தோடு தெற்கே புறப்பட்டார். பின்தங்கி நின்ற வைணவர்கள் வெட்டப்பட்டார்கள். ‘பன்னீராயிரவர்’ என்று அவர்களைக் கோயில் நினைவு வைத்திருக்கிறது. வேதாந்த தேசிகர் பிணங்களுக்கிடையே மறைந்து கிடந்து, சுதர்சன சூரியின் இரு பிள்ளைகளையும் ‘சுருதப் பிரகாசிகை’ சுவடியையும் காத்துக்கொண்டு கர்நாடகத்துச் சத்தியாகாலத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அரங்கநகரின் அச்சம் தீர வேண்டி அவர் பாடியது ‘அபீதிஸ்தவம்’.

லோகாசாரியர் மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் மறைந்து திருநாடு அலங்கரித்தார். திருமேனி அழகர் மலை, கோழிக்கோடு, திருக்கணாம்பி, மேல்கோட்டை, திருமலை என்று ஊர் ஊராகப் போனது. சுமந்தவர்கள் இறக்க, வேறு சிலர் தோள்கொடுத்தார்கள். அறுபது ஆண்டு வரலாற்றில் எதிர்ப்பு என்று சொல்லத்தக்க பெரிய செயல் இதுதான் என்பேன். படைகள் தோற்றன, ஓடின, விலைபோயின. இந்தச் சிறு கூட்டம் தோற்கவில்லை.

ஊரில் தங்கியவர்களுக்கும் பங்கு உண்டு. கோயிலை அழித்துவிடாதபடி படைத்தலைவனை மயக்கிக் கோபுரத்தின் மேலேற்றி, கீழே தள்ளிக் கொன்று, தானும் குதித்து மாண்டவள் வெள்ளையி என்ற தேவரடியாள். கிழக்கே உள்ள வெள்ளைக் கோபுரத்தை அவள் பெயரோடு சேர்த்தே ஊர் பேசுகிறது. சிங்கப்பிரான் என்பவர் படைத்தலைவனிடம் அலுவலில் சேர்ந்து, உள்ளிருந்தபடியே கோயிலுக்கு வரும் கேடுகளைக் குறைத்தார். படை கண்ணனூருக்கு இடம் மாறியபோது, திருவரங்கத்து மதில்களை இடித்த கல் அங்கே கோட்டையானது என்றும் ஒழுகு சொல்கிறது.

இங்கிலாந்தில் 1066இல் ஹேஸ்டிங்ஸில் வென்ற நார்மானியரும் இப்படித்தான் ஊர்தோறும் கோட்டை எழுப்பினார்கள். ஈலிச் சதுப்பு நிலத்தில் ஹெரவார்டு என்ற ஆங்கிலேயர் 1071 வரை அவர்களை எதிர்த்து ஓய்ந்தார். நார்மானியர் நிலத்தைப் பங்கிட்டு, 1086இல் அதைக் கணக்கெடுத்து வேர்பிடித்தார்கள். இங்கே ஜலாலுதீன் அசன் கான் 1335 வாக்கில் தில்லியை உதறி மதுரையில் தனி ஆட்சி தொடங்கினான், காசு அடித்தான். ஆனால் அவனையும் அவனுக்குப் பின் வந்தவர்களில் பலரையும் அரண்மனைக் கொலைகளே தின்றன.

1342இல் போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டான். அப்போது அவனுக்கு எண்பது வயது. பின்னர் மதுரைக்கு வந்த பயணி இபன் பதூதா நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். வல்லாளன் படை ஒரு லட்சத்துக்கு மேல். அதில் 20,000 பேர் முஸ்லிம்கள். மதுரைச் சுல்தான் கியாசுதீனிடம் இருந்தது 6,000 பேர். கோட்டைக்குள் உணவு பதினான்கு நாளுக்கே மிஞ்சியிருந்தது. சரணடைவது பற்றிச் சுல்தானிடம் கேட்டுச் சொல்லக் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு வல்லாளன் தவணை கொடுத்தான். அந்தத் தவணைதான் அவனுக்கு எமனாயிற்று. குதிரைகளை மேயவிட்டு, நண்பகலில் படை கண்ணயர்ந்திருந்த வேளையில் மதுரைக் குதிரைப்படை பாய்ந்தது. குதிரை திருட வந்தவர்கள் என்று நினைத்து வெளியே வந்தவர்கள் சிதறினார்கள். குதிரையேற முயன்ற கிழவனைச் சுல்தானின் சகோதரன் மகன் நாசிருதீன் பிடித்தான். விடுவிப்பதாகச் சொல்லிச் செல்வத்தையும் யானைகளையும் கறந்துகொண்ட பிறகு அவனைக் கொன்று, தோலுரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். தொங்கியதைத் தானே பார்த்ததாகப் பதூதா சொல்கிறார். கியாசுதீனின் கொடுமைகளை வெறுத்து எழுதிய அவரும் முஸ்லிமே. வல்லாளன் படையில் இருந்த 20,000 பேரும் முஸ்லிம்களே. இந்தப் போரை இரு மதங்களின் மோதலாக மட்டும் சுருக்குவது சான்றுகளுக்குச் செய்யும் அநீதி.

போசளர் விட்ட இடத்தை விஜயநகரம் பிடித்தது. முதலாம் புக்கரின் மகன் குமார கம்பணன் தொண்டைநாட்டுச் சம்புவராயரை அடக்கி, கண்ணனூரைக் கைப்பற்றி, மதுரை வரை சென்றான். அவன் மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பை ‘மதுரா விஜயம்’ என்ற வடமொழிக் காவியமாகப் பாடினாள். போர்க்களத் தலைவனின் மனைவியே அந்தப் போரைக் காவியமாக்கியது நம் இலக்கியத்தில் அரிய நிகழ்ச்சி.

கம்பணனின் அதிகாரி கோபணார்யர் திருமலையிலிருந்து திருமேனியைச் செஞ்சிக்கு எழுந்தருளப் பண்ணி, சிங்கவரத்தில் வைத்துப் பூசித்து, சக ஆண்டு 1293இல், அதாவது 1371இல், திருவரங்கத்தில் சேர்த்தார். இராசமகேந்திரன் சுற்றின் சுவரில் உள்ள வடமொழிக் கல்வெட்டு இதற்குச் சான்று.

திரும்பியபோது ஒரு சிக்கல். 48 ஆண்டுகளில் பழையவரைக் கண்ட கண்கள் ஏறக்குறைய எல்லாம் மூடிவிட்டன. கோயிலில் வேறொரு திருமேனி பூசையில் இருந்தது. யார் உண்மையானவர்? பெருமாளின் உடைகளைத் துவைத்துவந்த முதிய வண்ணார் ஒருவர் உயிரோடு இருந்தார், கண்பார்வை போயிருந்தது. திருமஞ்சனம் ஆன ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொண்டுவரச் சொல்லிச் சுவைத்துப் பார்த்து, ‘இவரே நம்பெருமாள்’ என்றார். அந்தப் பெயரே நிலைத்தது. ஆசாரியர்களும் அதிகாரிகளும் தீர்க்க முடியாததைத் துணி துவைத்தவர் தீர்த்தார் என்று கோயிலே தன் ஒழுகில் ஒப்புக்கொள்கிறது. மற்றவரைத் திருவரங்க மாளிகையார் என்று பெயரிட்டு உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். திருவிழா நாள்களில் யாகசாலைக்கு எழுந்தருள்பவர் அவர்.

மதுரை சுல்தான்களின் காசுகள் 1378 வரை கிடைக்கின்றன. அதன்பின் அந்த ஆட்சி இல்லை. இழந்த நிலங்களைத் திரும்பப் பெற்று இடிந்த பகுதிகளைச் செப்பனிடும் வேலை விஜயநகர அரசர்களின் கொடைகளோடு, உத்தம நம்பி குடும்பத்தார் பொறுப்பில், அடுத்த நூற்றாண்டிலும் நடந்தது.