பெயர்க்கல் இல்லாதவை

இரண்டாம் உலகப்போர் சென்னைக்கு வரவில்லை என்றுதான் பொதுவாகச் சொல்வோம். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வீசிச் சென்ற சில குண்டுகளைத் தவிர்த்தால் அது சரிதான். ஆனால் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே நகரின் நடுவில் துப்பாக்கிகள் வெடித்தன. சுட்டவர்கள் அரசின் காவலர்கள். செத்தவை கூண்டுக்குள் இருந்த விலங்குகள்.

மோகனூர், நாமக்கல் நண்பர்கள் சிலர் சென்ற மாதம் இரவு ரயிலேறிச் சென்னை போய், ஒரு பகலில் போர் நினைவிடங்களையும் வண்டலூரையும் பார்த்து வந்தோம். (இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று குழுவிலேயே கேட்டார்கள்.) கோட்டைக்கு அருகிலுள்ள போர் நினைவிடம் முதல் உலகப்போர் வெற்றிக்காக எழுப்பப்பட்டு, பின்வந்த போர்களையும் ஏற்றுக்கொண்டது. உயர்நீதிமன்றச் சுவரில், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சுட்டதைச் சொல்லும் கல். நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டம்தான் மனத்தை நிறுத்தியது. பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் போர்க் கல்லறைகளை ஒன்றுசேர்க்க 1952இல் அமைத்த இடம். 850க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். முதல் போரில் மாண்டு வேறிடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கும் தனி நினைவுச்சின்னம் உண்டு. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். இருபது வயதைத் தாண்டாத பையன்கள். சாவை இவ்வளவு கவனமாகக் கணக்கு வைத்த ஒரு பேரரசு, தன் ஆணையால் நேர்ந்த ஒரு கொலைக்கு மட்டும் கல் வைக்கவில்லை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன், அந்தமான். ஏப்ரல் 5 கொழும்பு மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் குண்டுகள். அடுத்தது சென்னை என்று எல்லாரும் நம்பினார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. வீடுகளைப் பூட்டிக்கொண்டு சனம் ரயிலுக்கு ஓடியது. அப்போது மிருகக்காட்சிசாலை இருந்தது சென்ட்ரலுக்கு அருகில், ரிப்பன் கட்டடத்தின் பின்புறப் பூங்காவில். 1855இல் எட்வர்டு பால்ஃபோர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கி, பின்னர் அங்கே பெயர்ந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் புலியும் சிங்கமும் தெருவுக்கு வந்துவிடும் என்பது கவலை. மலபார் சிறப்புக் காவல் படையினர் வந்தார்கள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி என்று கொடிய விலங்குகள் அனைத்தும் சுட்டுக் கொல்லப்பட்டன.

ஜப்பானியக் கப்பற்படை ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று. சென்னையில் படையிறக்கும் திட்டமே அதனிடம் இருக்கவில்லை. அச்சத்தை இன்று பழிப்பது எளிது. ஆனால் ஓடிய மனிதர்கள் சில மாதங்களில் வீடு திரும்பினார்கள்.

போருக்குப் பின்னும் அதே நெரிசலில் இயங்கிய சாலை 1985இல் வண்டலூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. சுமார் 600 ஹெக்டேர். கம்பிகளுக்குப் பதில் அகழி, மரநிழல். அங்கே மல்லாந்து படுத்திருந்த புலியைப் பார்த்தபோது, 1942இல் ஓர் அகழி இருந்திருந்தால் என்ற எண்ணம் வந்தது.

விலங்குக்குக் கல் நடுவது நமக்குப் புதிதல்ல. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் 5ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று சண்டையிட்ட சேவலுக்கு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

எதிரி நாட்டிலும் இதே கதைதான். 1943இல் டோக்கியோவின் உயேனோ பூங்காவில் விலங்குகளைக் கொல்ல உத்தரவாயிற்று; மூன்று யானைகள் பட்டினியில் விடப்பட்டுச் செத்தன. அங்கே விலங்குகளுக்கென்று ஒரு நினைவுக்கல் இருக்கிறது. யானை வேண்டுமென்று டோக்கியோ குழந்தைகள் கேட்க, 1949இல் நேரு மைசூர் யானையொன்றைக் கப்பலேற்றி அனுப்பினார். அதற்கு அவர் வைத்த பெயர் இந்திரா.