பெரியண்ணனின் மலை

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு ரகம். ஏரியில் படகு விடுவதற்காகப் போகிறவர்கள் ஒரு ரகம்; கம்பளியைப் போர்த்திக்கொண்டு பகலிலும் தூங்குவதற்காகப் போகிறவர்கள் மற்றொரு ரகம். நான் இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தவன். ஆனால், சேலத்திலிருந்து புறப்பட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்து போய்ச் சேர்ந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. காரணம் குளிர் அல்ல. பையில் கொண்டுபோயிருந்த ஒரு புத்தகம்.

அதை எழுதியவர் பௌசானியாஸ் என்ற கிரேக்கர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரீஸ் தேசத்தைச் சுற்றி வந்து, ஊர் ஊராகக் கோயில்களையும் சமாதிகளையும் பார்த்து எழுதியவர். நம் தல புராணக்காரர்களுக்கு மூத்த அண்ணன் என்று இவரைச் சொல்லலாம். கி.மு. 490-இல் மாரத்தான் சமவெளியில் பாரசீகப் படையை எதிர்த்து 192 ஏதென்ஸ் வீரர்கள் மாண்டார்கள் அல்லவா? பௌசானியாஸ் அங்கே போனபோது அறுநூறு வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அப்போதும் ஊர் மக்கள் அந்த வீரர்களைத் தெய்வமாக வணங்கி வந்தார்கள். இரவு வேளைகளில் குதிரைகள் கனைப்பதும் வீரர்கள் போரிடுவதும் அந்த இடத்தில் கேட்கும் என்று எழுதுகிறார். வெளியே மூடுபனியும் மரங்களுக்கிடையே காற்றின் ஊளையும் இருக்கும்போது இதைப் படித்தால் தூக்கம் எப்படி வரும்?

கிரேக்கர்களுக்குத் தேவர்கள் வேறு, வீரர்கள் வேறு. ஒலிம்பஸ் மலைத் தேவர்களுக்கு உயர்ந்த பலிபீடம். புகை வானத்தை நோக்கிப் போகும். வீரன் செத்தவன், மண்ணுக்குள் இருப்பவன். ஆகவே அவனுக்குத் தேனையும் பாலையும் மதுவையும் பெரும்பாலும் மண்ணிலேயே ஊற்றினார்கள். ஹெராக்ளீஸ், தீசியஸ், அகிலீஸ் போன்ற கதை வீரர்களுக்கும் இந்த மரியாதை உண்டு. புதிய ஊரை நிறுவிய தலைவனுக்கும் உண்டு. அவனை ஊர் நடுவிலேயே அடக்கம் செய்து, வருஷந்தோறும் பலியிட்டு, அவன் பிள்ளைகள் போல நடந்துகொள்வார்கள்.

இதில் அரசியலும் இல்லாமல் போகவில்லை. கி.மு. 475-ஐ ஒட்டி, கிமோன் என்ற தளபதி ஸ்கைரோஸ் தீவிலிருந்து ஒரு பெரிய எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து, "இதோ நம் தீசியஸ்!" என்று அறிவித்தான். ஏதென்ஸ் நகரமே ஊர்வலம் எடுத்து வரவேற்றது. தீசியஸ் என்று ஒருவன் இருந்தானா என்பதே சந்தேகம். எலும்பு யாருடையதோ, கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் கிமோனுடைய செல்வாக்கு மட்டும் சந்தேகத்துக்கு இடமின்றி உயர்ந்தது!

மறுநாள் காலை, இதையெல்லாம் மனத்தில் சுமந்துகொண்டு சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். மலைத் தொடருக்கே பெயர் கொடுத்த தெய்வம் அது. ஐயாயிரம் அடிக்கு மேல், மைதானம் போல் பரந்த உச்சியில் அந்தக் கோயில் இருக்கிறது. கோபுரத்தைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். அது ஒரு குகை. தலை குனிந்துதான் உள்ளே நுழைய முடியும். மேலாடையில் மண் படாமல் திரும்பவும் முடியாது. இருட்டில் சேர்வராயனும் காவேரியம்மனும் விளக்கொளியில் தெரிகிறார்கள். மே மாதத்தில் திருவிழா. அப்போது சுற்றுப்பட்டு மலைக்கிராமங்கள் எல்லாம் அங்கே திரண்டுவிடும்.

இந்தக் கிராமங்களில் வாழ்கிறவர்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்பதே பொருள். பேசுவது தமிழ். கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், அவர்கள் எப்போது இங்கே வந்தார்கள் என்று கேட்டேன்.

"காஞ்சிபுரத்திலேயிருந்து அண்ணன் தம்பி மூணு பேரு வந்தாங்க, சாமி. பெரியண்ணன் இந்த மலையிலே தங்கிட்டாரு. நடுவண்ணன் பச்சைமலைக்குப் போனாரு. சின்னண்ணன் கொல்லிமலைக்குப் போனாரு" என்றார்.

இந்தக் கதை பல விதமாக வழங்குகிறது. 1909-இல் வெளிவந்த தர்ஸ்டன் துரையின் பெரிய நூலிலும் இடம் பெற்றிருக்கிறது. ஆனால் சரித்திர நாவல் எழுதிக் கெட்டுப்போன புத்தி என்னுடையது. "எந்த ராஜா காலத்தில், பெரியவரே? ஏதாவது சாசனம், பட்டயம் உண்டா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "அதெல்லாம் தெரியாதுங்க. கொல்லிமலைக்காரன் இங்கே வந்தான்னா தம்பி வீடு வந்திருக்குதுன்னு சொல்லுவோம். சோறு போடுவோம். அது போதாதுங்களா?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிமோன் எலும்பைக் காட்டி வீரனை நிரூபித்தான். இந்த மனிதர் விருந்தாளிக்குச் சோறு போட்டு நிரூபிக்கிறார். இந்த இரண்டில் எது வலுவான சாட்சி?

வீரனை வணங்குவது நமக்குப் புதிதல்ல. போரில் மாண்டவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு துறைகளாக வகுத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. அதாவது கல்லைத் தேடிக் காண்பது, எடுத்துக்கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. நட்ட கல்லுக்கு மயிற்பீலி சூட்டுவார்கள், கள் படைப்பார்கள். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்தே இருக்கிறது. செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் மகேந்திர பல்லவன் காலத்துக் கல் ஒன்று உண்டு. அதில் எசமானனோடு ஒரு நாயும் இடம் பெற்றிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன். சக்கரவர்த்திகள் எத்தனையோ பேருடைய பெயர் மறைந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேல் நிலைத்துவிட்டது!

நீராட்டுவது என்றேன் அல்லவா? கிரீஸில் பிளாட்டியா என்ற ஊரிலும் இதே காரியம் நடந்தது. கி.மு. 479-இல் அங்கே மாண்டவர்களுக்காக வருஷந்தோறும் ஒரு சடங்கு. ஊர்த் தலைவன் மற்ற நாளெல்லாம் இரும்பைத் தொடக்கூடாது. வெள்ளை உடைதான் உடுத்தலாம். அன்று மட்டும் சிவப்பு அங்கி அணிந்து, வாளேந்திப் போய், ஊற்றில் நீர் மொண்டு, சமாதிக் கற்களைத் தன் கையாலேயே கழுவி வாசனைத் தைலம் பூசுவான். கறுப்புக் காளையைப் பலியிட்ட பிறகு, நாட்டின் சுதந்திரத்துக்காக உயிர் விட்டவர்களுக்கென்று சொல்லி மதுவை வார்ப்பான். ஏறக்குறைய அறுநூறு வருஷங்களுக்குப் பின் தம் காலத்திலும் இது நடப்பதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

பிறகு அந்த நூல் அறுந்துபோயிற்று. கி.பி. 390-களில் தியோடோசியஸ் சக்கரவர்த்தி பழைய வழிபாடுகளைத் தடை செய்தார். ஆயிரத்தறுநூறு வருஷங்கள் கழித்து, நம் காலத்தில், கிரீஸில் சிலர் அறுந்த முனையைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1997-இல் ஒரு சபை அமைத்தார்கள். 2017-இல் அரசாங்கம் அவர்களுடைய மதத்தை அங்கீகரித்தது. தேவர்களுக்கு மட்டுமல்ல, பழைய வீரர்களுக்கும் அவர்கள் மரியாதை செய்கிறார்கள். எப்படி ஊற்றுவது, எங்கே ஊற்றுவது என்பதைச் சொல்லிக் கொடுக்கப் பாட்டி இல்லை. ஹோமரையும் புளூட்டார்க்கையும் நான் படித்துக்கொண்டிருந்த பௌசானியாஸையும் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டியை இழந்த பிள்ளை அவள் எழுதி வைத்த சமையல் குறிப்பைத் தேடி எடுத்துச் சமைப்பதைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா?

அவர்களிடம் புத்தகம் இருக்கிறது, நூல் அறுந்துவிட்டது. மலைக்காரர்களிடம் புத்தகம் இல்லை; நூல் அறாமல் இருக்கிறது. நம்மிடமோ தொல்காப்பியமும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? புறநானூற்றை மேடையில் முழங்குகிறோம். ஊர்க்கோடியில் கிடக்கும் வீரன் கல்லின்மேல் துணி துவைக்கிறோம்.

இந்த வட்டாரத்திலேயே இரண்டு சங்க கால வீரர்கள் இருந்தார்கள். கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவனைக் காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். இன்று ஆடி மாதம் அந்த மலையில் ஓரிக்கு அரசாங்கமே விழா எடுக்கிறது. மற்றொருவன் தகடூர் அதியமான். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. 1965 வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அவன் இறந்தபின் நட்ட கல்லுக்குப் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் வார்த்தபோது, பக்கத்தில் நின்ற ஔவைக்கு ஒரு சந்தேகம் வந்தது. மலைகளோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சொட்டுக் கள்ளையா வாங்கிக்கொள்வான்?

கல்லுக்குள் யாரும் இல்லை என்று சொல்கிறவர்கள் எழுப்பும் கேள்வியை ஔவை இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே எழுப்பிவிட்டாள். நாத்திகம் பேசி அல்ல, நண்பனைப் பறிகொடுத்த துக்கத்தில். அதற்குப் பதில் எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி கேட்ட ஔவை கள்ளைத் தட்டிவிட்டதாகப் பாட்டில் இல்லை. வாங்குகிறவன் இருக்கிறானோ இல்லையோ, கொடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள், கடன் அவர்களுடையது.

விடைபெற்றுக்கொண்டபோது பெரியவர், "கொல்லிமலைப் பக்கம் போவீங்களா, சாமி?" என்று கேட்டார். போவேன் என்றேன்.

"போனா, பெரியண்ணன் வீட்டிலே எல்லாரும் சௌக்கியம்னு சொல்லுங்க."

அந்தச் செய்தியை நான் இன்னும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்குள் போயாக வேண்டும்.