துப்பாக்கிக்கு மருந்து போட்ட காலம்: மதுரைச் சீமையின் வெடிமருந்துக் கதை

துப்பாக்கி கையில் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு மருந்து வேண்டும். நம் கிராமங்களில் வெடிமருந்தை இன்றைக்கும் வெறுமனே "மருந்து" என்றுதான் சொல்வார்கள். சுட்டுக் கொல்வதற்கும் மருந்து, காய்ச்சலுக்கும் மருந்து... தமிழின் விளையாட்டு!

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பலர், சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்பிக்கொள்கிறார்கள். எந்த மருந்து வேகமாக எரியும், எது மெதுவாக எரியும், எந்தத் துப்பாக்கிக்கு எது சரி என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். இது ஏதோ வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மதுரைச் சீமையில் பாளையக்காரர் காலத்தில் துப்பாக்கி பிடித்த ஒவ்வொருவனும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். அவனுக்கு அது பொழுதுபோக்கு அல்ல, உயிர்ப் பிரச்சினை.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, குண்டைப் போட்டு, நீளமான கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். திரித்துப்பாக்கி என்றால் இன்னொரு வேலையும் உண்டு. குழலின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கிண்ணியில் பொடியான மருந்தை வைத்து, எரியும் திரியால் அதைப் பற்றவைக்க வேண்டும். அந்தத் தீ ஒரு துளை வழியாக உள்ளே பாய்ந்தால்தான் துப்பாக்கி வெடிக்கும். குழலுக்குள் போடும் மருந்து கொஞ்சம் பெருமணியாக இருக்கலாம். கிண்ணியில் வைப்பது பொடியாக இருந்தால் நல்லது. பொடி சட்டென்று பற்றும், பெருமணி நிதானமாக எரியும். மருந்து ஒன்றுதான், மணியின் அளவை மாற்றினால் குணமே மாறிவிடும். அதனால்தான் திரித்துப்பாக்கிக்காரர்கள் பெரிய குடுவை ஒன்றும் சின்னக் கொம்பு ஒன்றுமாக இரண்டு மருந்துகளைச் சுமந்தார்கள்.

கும்பினிச் சிப்பாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. குண்டும் அளந்த மருந்தும் சேர்த்துச் சுற்றிய காகிதத் தோட்டா அவனுக்குக் கிடைத்தது. பல்லால் கடித்துக் கிழித்து, கொஞ்சம் கிண்ணியில் தட்டி, மீதியைக் குழலில் கொட்டினால் போதும். மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவனுக்காக வேறு யாரோ முன்கூட்டியே செய்திருந்தார்கள். பாளையக்காரர் போர்களைப் பற்றிப் பேசும்போது பீரங்கியைச் சொல்கிறோம், துரோகத்தைச் சொல்கிறோம். இந்தக் காகிதச் சுருளை யாரும் சொல்வதில்லை!

மருந்தின் உயிர் வெடியுப்பு. கரியும் கந்தகமும் துணைக்குத்தான். மாட்டுத் தொழுவம், பழைய குட்டிச்சுவர், மக்கள் நெடுங்காலம் குடியிருந்த மண் ஆகியவற்றில் வெள்ளையாகப் பூக்கும் உப்பு அது. அந்த மண்ணைக் கரைத்துக் காய்ச்சி உப்பும் வெடியுப்பும் எடுப்பதைத் தொழிலாகக் கொண்ட உப்பிலியர் என்ற சமூகமே தமிழ்நாட்டில் இருந்தது. ஆக, வெடியுப்புக்காக ஊர்க்காரன் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. கும்பினியின் கணக்கே வேறு. பீகாரின் பாட்னா பகுதிதான் உலகத்துக்கே வெடியுப்புச் சுரங்கம் போல இருந்தது. பிளாசிப் போர் நடந்த மறு வருடமே, 1758-ல், அந்த வியாபாரத்தின் தனியுரிமையைக் கும்பினி வாங்கிக்கொண்டது. ஐரோப்பாவில் அதன் எதிரிகளுக்கு வெடியுப்பு கிடைப்பதே கஷ்டமாகிப் போனது.

மருந்துக்கு இன்னொரு எதிரி ஈரம். வெடியுப்பில் கலந்திருக்கும் சாதாரண உப்பை நன்றாகப் பிரிக்காவிட்டால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மருந்து நமுத்துவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். மதுரையைக் கான்சாகிப் மருதநாயகம் வைத்திருந்தபோது 1763-ல் தொடங்கிய முற்றுகை, வடகிழக்குப் பருவமழை வந்ததும் கைவிடப்பட்டது. மறு வருடம் மீண்டும் வந்த படையாலும் கோட்டையைத் தாக்கிப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் 1764 அக்டோபரில் சொந்த ஆட்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கோட்டையும் இன்று இல்லை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழி தூர்ந்து, வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் ஆகிவிட்டது. பெரியார் பேருந்து நிலையம் அருகே ஒரே ஒரு கொத்தளம் மிச்சம்.

சிவகங்கைப் பக்கம் சொல்லப்படும் குயிலியின் கதையும் மருந்தைச் சுற்றியதுதான். 1780-ல் வேலு நாச்சியாருக்காக அந்தப் பெண் தன் உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்தாள் என்கிறது மக்கள் மரபு. எதிரியின் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க முடியாது, மருந்தை அழித்தால் அத்தனையும் ஊமையாகிவிடும் என்பது அந்தக் கதை சொன்னவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கும்பினிக்கும் அது தெரிந்திருந்தது. 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரியே அவர்களை எதிர்த்த படையிலும் இருந்தார் என்பது இதில் ஒரு கொடுமை. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் வந்தது. பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது! கோட்டைகள் தரைமட்டமாயின. பிறகு 1878-ல் ஆயுதச் சட்டம், 1884-ல் வெடிபொருள் சட்டம். அரசாங்கத்தின் உப்புத் தனியுரிமை மண்ணுப்புக் காய்ச்சுவதையும் ஒடுக்கியதால் உப்பிலியர் பலர் மண் வெட்டும் வேலைக்குப் போனார்கள்.

இதன் விளைவு உசிலம்பட்டிக்குப் பக்கத்திலேயே தெரிந்தது. 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த ஊர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். ஒரு பக்கம் தொழிற்சாலையில் செய்த தோட்டா, மறுபக்கம் கம்பும் கல்லும்.

இதற்குள் உலகத்தில் மருந்தே மாறிவிட்டது. 1860-களில் சுல்ட்ஸே என்ற பிரஷ்யர் மரத்திலிருந்து செய்த புகை குறைந்த மருந்து, இங்கிலாந்தின் பறவை வேட்டைக்காரர்களிடம் பிரபலமானது. 1884-ல் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் ராணுவத் துப்பாக்கிக்கான புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். நீலகிரி அருவங்காட்டின் கார்டைட் தொழிற்சாலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் புது வகை மருந்துக்காகவே கட்டப்பட்டது. புது மருந்துக்குச் சக்தி அதிகம். கருமருந்துக்கான பழைய குழலில் அதை அதே அளவு போட்டால் குழல் வெடித்துச் சுட்டவன் கையே போய்விடும். அந்தக் காலத்து வேட்டைக்காரர்களுக்கு இது பெரிய குழப்பம். அதனால் புது மருந்து நிரப்பிய தோட்டா, எத்தனை டிராம் கருமருந்துக்குச் சமம் என்று பெட்டியில் அச்சிட ஆரம்பித்தார்கள். அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளில் அந்தக் கணக்கை இன்றும் பார்க்கலாம். உள்ளே ஒரு சிட்டிகை கருமருந்து கிடையாது!

இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் வீட்டில் உட்கார்ந்து மருந்து தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. தென் மாவட்டங்களில் கருமருந்தின் சத்தத்தைத் திருவிழா அதிர்வேட்டில் கேட்கலாம். நாட்டுத் துப்பாக்கியில் அளந்து மருந்து கெட்டித்து வேட்டையாடும் பழக்கத்தைக் கடைசி வரை வைத்திருந்தவர்கள் நரிக்குறவர்கள். கொக்குக்கு எவ்வளவு, நரிக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்குக் கைக்கணக்கு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை போனது. அவர்களில் பலர் இப்போது கோயில் வாசல்களிலும் பேருந்து நிலையங்களிலும் ஊசிமணி, பாசிமணி விற்கிறார்கள்.