பெட்டி வீட்டுக்கு வந்தது, ஆள் வரவில்லை



கம்ப்யூட்டரைப் பற்றி இந்த வாத்தியார் எழுதுகிறாரே என்று சிரிக்க வேண்டாம். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத கம்ப்யூட்டர் நம் சொந்தபந்தத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பைக்கை மறக்காமல் சர்வீஸ் விடுகிறோம். மிக்சி கொஞ்சம் சத்தம் மாறினால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு துணி உறை, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம், அதோடு சரி. இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தேடிப் போனால் ஒரு வரலாறு கிடைக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். வகுப்பிலும் அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியுமே.

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எனியாக் என்ற கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினார்கள். எடை ஏறக்குறைய 30 டன். உள்ளே சுமார் 18,000 வால்வுகள். தாத்தா வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் இருப்பவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். அந்த ரேடியோவில் ஐந்தாறு வால்வுதான் இருக்கும், அதற்கே வருஷத்துக்கு ஒரு முறையாவது மெக்கானிக்கைத் தேடுவோம். 18,000 இருந்தால்? ஆரம்பத்தில் தினமும் சில வால்வுகள் போயின. எரியவிட்டு அணைக்கும்போதுதான், அதாவது சூடும் குளிர்ச்சியும் மாறும்போதுதான், அதிகம் போகின்றன என்று கண்டுபிடித்து, இயந்திரத்தை அணைக்காமலே வைத்தார்கள். பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று என்று குறைந்தது. பழுதே இல்லாமல் அது தொடர்ந்து ஓடிய மிக நீண்ட நேரம் 116 மணி, அதுவும் 1954இல்.

அதை இயக்கக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் ஆறு இளம்பெண்கள். கையேடு எதுவும் இல்லாததால், ஒயரிங் வரைபடங்களைப் பார்த்தே இயந்திரத்தைப் படித்தார்கள். அதனால் விடை தப்பாக வந்தால், எந்த வால்வு போயிருக்கிறது என்பதுவரை அவர்களால் சொல்ல முடிந்தது. பல ஆண்டுகள் அவர்கள் பெயரை யாரும் சொல்லவில்லை என்பது வேறு கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மறு வருஷம், 1947 செப்டம்பர் 9, ஹார்வர்டு மார்க் டூ கம்ப்யூட்டரின் ரிலேயில் ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டிலேயே டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். கம்ப்யூட்டர் கோளாறுக்கு 'பக்' என்ற பெயர் அன்றுதான் வந்தது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. எடிசன் காலத்திலேயே பொறியாளர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஆனால் பூச்சியும் பல்லியும் எறும்பும் மின்சாரப் பெட்டிக்குள் போகும் என்பது நமக்குப் புதிதா என்ன!

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். எம்ஐடியில் ஜே ஃபாரெஸ்டர் தலைமையில் வேர்ல்விண்ட் என்ற கம்ப்யூட்டரைக் கட்டினார்கள்; 1951இல் அது வேலைக்கு வந்தது. போன வால்வைத் தேடுவதற்குப் பதிலாக, போகப்போகும் வால்வைத் தேடினால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள். வேண்டுமென்றே மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சோதனைக் கணக்கை ஓட்டினார்கள். வலுவான வால்வு தாங்கும். வலுக்குறைந்தது தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அதை அப்போதே மாற்றிவிடுவார்கள். வேலை நடக்கும் நேரத்தில் நின்றுபோவது வெகுவாகக் குறைந்தது. பராமரிப்பு என்றால் இதுதான். நின்றுபோன பிறகு செய்வதற்குப் பெயர் ரிப்பேர்.

பிறகு ஐபிஎம் காலம். அவர்கள் கம்ப்யூட்டரைப் பெரும்பாலும் விற்கவில்லை, வாடகைக்கு விட்டார்கள். 1959இல் வந்த 1401 என்ற இயந்திரத்துக்கு மாத வாடகை 2,500 டாலரில் தொடங்கியது. சர்வீஸும் அந்த வாடகைக்குள் அடக்கம். டை கட்டிய பொறியாளர் பெட்டியோடு வந்து, நாள் குறித்துச் சோதித்துவிட்டுப் போவார். அதாவது, கம்ப்யூட்டர் என்றாலே கூடவே ஒரு ஆள் என்பதுதான் அந்தக் கால வழக்கம்.

நம் நாட்டிலும் ஐபிஎம் அப்படித்தான் நடத்தியது. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி அரசு கேட்டபோது, ஐபிஎம் சம்மதிக்காமல் 1978இல் வெளியேறியது. பெட்டிகள் இங்கே நிற்கின்றன, ஆள் போய்விட்டார்! நல்லவேளையாக, 1975 டிசம்பரிலேயே மத்திய அரசு ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்திருந்தது. பெயரே கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சிஎம்சி. ஐபிஎம் விட்டுப்போன இயந்திரங்களின் பராமரிப்பை அது ஏற்றுக்கொண்டது. ஒரு நாடு கம்ப்யூட்டரைப் பராமரிப்பதற்கென்றே பொதுத்துறை நிறுவனம் தொடங்கியது என்பதை எண்ணிப் பாருங்கள். 1980களில் ரயில் டிக்கெட் முன்பதிவைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்ததும் இவர்கள்தான். இயந்திரத்தின் உள்ளே கைவைத்துப் பழகியவர்களிடமிருந்துதான் அந்தத் திறமை வளர்ந்தது என்பது என் கருத்து.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1977இல் ஆப்பிள் டூ, 1981இல் ஐபிஎம் பிசி. கம்ப்யூட்டர் மேஜைமேல் உட்கார்ந்தது, விலை குறைந்தது, வீட்டுக்கும் வந்தது. கூடவே வந்துகொண்டிருந்த ஆள் மட்டும் வரவில்லை. டிவியைப் போல 'ஆன்' செய்தால் ஓடும் பொருள் என்று விற்றார்கள், நாமும் நம்பினோம். நம் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் செருப்பைக் கழற்றச் சொன்னபோது முணுமுணுத்தீர்களே, அது சாமிக்குச் செய்த மரியாதை இல்லை, தூசிக்குப் பயந்தது. அங்கே ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்த வரை எல்லாம் ஓடின. புதுப்பிக்கப் பணமில்லை என்று விட்ட மறு வருஷமே பத்தில் நான்கு படுத்துவிட்டன.

வீட்டில் என்ன நடக்கிறது? தூசி ஃபேனையும் ஹீட் சிங்க்கையும் அடைக்கிறது. பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவிய பசை காய்ந்துபோகிறது. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் 'பழசாகிவிட்டது, ஸ்லோவாகிவிட்டது' என்று முப்பது நாற்பதாயிரம் ரூபாய்க்குப் புதிது பார்க்கிறோம். சில நூறு ரூபாய் சர்வீஸில் தீர்ந்திருக்கும். 2000க்குப் பிறகு சில ஆண்டுகள், மதர்போர்டில் இருக்கும் கெபாசிட்டர்கள் உள்ளே ஊற்றிய ரசாயனம் சரியில்லாமல் உலகம் முழுக்க வீங்கி வெடித்தன. கம்ப்யூட்டர் தானாக அணைந்து அணைந்து எரியும். வீட்டுக்காரருக்குக் காரணம் தெரியாது. மூடியைத் திறந்த மெக்கானிக் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், சால்டரிங் வைத்து மாற்றியும் கொடுப்பார்.

மென்பொருளுக்கும் இதே கதைதான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் பிரிட்டன் மருத்துவமனைகள்வரை முடக்கியது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. உங்கள் வீட்டில் எது ஓடுகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

நம் உறவிலேயே ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை. காசு மிச்சம் என்று தெரிந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன் கேட்காமலே ஃபார்மட் செய்துவிட்டான். பிறகு பார்த்தால் கோளாறு பவர் சப்ளையில்! பதினோரு வருஷப் புகைப்படங்கள் போயின. அதில் காலமான பெரியவர் ஒருவரின் கடைசி தீபாவளியும் இருந்தது. அந்த அம்மா அதைச் சொல்லும்போது எனக்கு முகம் பார்க்க முடியவில்லை.

ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை, கடற்கரை ஊரிலும் ரோட்டோர வீட்டிலும் இரண்டு முறை, தெரிந்த ஆளிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் படங்களை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டு எர்த்தையும் யுபிஎஸ் பேட்டரியையும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். வேலை தெரிந்தவரிடம் முந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.

நம் மாணவர்களில் நான்கைந்து பேர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறீர்கள். பரீட்சையில் மார்க் குறைந்தது என்று அப்போது கூச்சப்பட்டவர்கள் இப்போது என் லேப்டாப்பைப் பிரித்து மாட்டுகிறீர்கள். கடை இருக்கும் ஊரைக் கீழே எழுதுங்கள், பக்கத்து ஊர்க்காரர்களுக்கு உதவும்.